லினக்ஸ் கணினியில் திரவக் குளிர்விப்பான்: பம் ஓடுகிறதா என்று யார் பார்ப்பது?

கிளிநொச்சியில் ஒரு சிறிய அறையில் பழைய வீடியோ கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். வருபவை பெரும்பாலும் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழாக் கசெற்றுகள். எடுத்த காலத்தில் கொண்டாட்டத்துக்காக எடுத்தவை. இப்போது கொண்டுவருகிறவர்கள் அவற்றில் தேடுவது வேறு. பின்வரிசைக் கதிரையில் இருக்கும் ஒருவர், பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டு போகும் ஒரு பெடியன். அவர்களின் அசையும் படம் வேறெங்கும் இல்லை. அல்பங்களும் கசெற்றுகளும் இடப்பெயர்வுகளில் ஒவ்வொரு இடமாக விடுபட்டுப் போய்விட்டன. தொண்ணூறுகளில் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய பிரதிதான் பலருக்கு மிச்சம். அதுவும் இருபது, முப்பது வருடம் ஏதோ ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் கிடந்து பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வருகிறது.

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில், ஒரு அம்மா தந்த அப்படியான கசெற் ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தேன். அதே கணினியில் இன்னொரு குடும்பத்தின் வீடியோவைச் சுத்தப்படுத்தும் வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரெனக் கணினி அணைந்தது. கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே ஃபான் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வீடியோ டெக்கும் கசெற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. கணினியைத் திரும்பப் போட்டேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அணைந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அன்று பொழுதுபட்டுவிட்டது. புரொசெசரைக் குளிர்விக்கும் திரவக் குளிர்விப்பானின் பம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்றுகூட எனக்குத் தெரியாது. லினக்ஸ் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் அதனிடம் கேட்கவே இல்லை.

பூஞ்சணம் பிடித்த நாடா முதல் ஓட்டத்தில் தந்த படத்தை இரண்டாம் ஓட்டத்தில் தரும் என்று சொல்ல முடியாது. அந்தக் கசெற்றில் இருபது செக்கன் அளவுக்குக் கோடு விழுந்துவிட்டது. அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். பார்த்துவிட்டு, "முகம் தெரியுது தானே தம்பி" என்றார். தெரிந்தது. ஆனாலும் அந்தக் கோடு என்னுடைய கவனயீனம்.

பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் வீடுகளிலும் இப்படியான கணினிகள் இப்போது நிறைய இருக்கின்றன. விண்டோஸுக்குக் காசு கட்ட முடியாமலோ, வைரஸ் தொல்லை தாங்காமலோ லினக்ஸுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் படித்ததையும் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

பாடப்புத்தகங்கள் மத்திய முறைவழி அலகு என்று சொல்லும் புரொசெசர், வேலை செய்யும்போது சூடாகும். சாதாரண கணினியில் அதன் மேல் ஒரு உலோகக் கட்டியும் ஒரு விசிறியும் இருக்கும். திரவ முறையில் அந்த இடத்தில் ஒரு செப்புத் தகடு இருக்கும். அதன் மேலே சிறிய பம் ஒன்று. அதிலிருந்து இரண்டு றப்பர்க் குழாய்கள் புறப்பட்டு, வாகனத்து றேடியேற்றரைச் சிறிதாக்கியது போன்ற ஒன்றுக்குப் போகும். றேடியேற்றரில் இரண்டோ மூன்றோ விசிறிகள். உள்ளே ஓடுவது வெறும் தண்ணீர் இல்லை. துருப்பிடிக்காமலும் பாசி கட்டாமலும் இருப்பதற்குக் கிளைக்கோல் போன்றவை கலந்த திரவம். தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிவிடுவார்கள். வாங்குபவர் நிரப்ப வேண்டிய தேவை இல்லை, பெரும்பாலானவற்றில் நிரப்புவதற்கு வழியும் இல்லை.

இந்தக் கட்டமைப்பில் அசையும் பாகங்கள் இரண்டே வகை: விசிறிகளும் பம்மும். விசிறி நின்றால் கண்ணுக்குத் தெரியும். பம் நின்றால் தெரியாது. விசிறிகள் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், விளக்குகள் வண்ணம் வண்ணமாக எரிந்துகொண்டே இருக்கும். என்னுடையதிலும் அப்படித்தான் எரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கடைக்குப் போய் இதை விரும்பி வாங்குவது குறைவு. கனடாவிலோ இங்கிலாந்திலோ உள்ள மருமகன் புதுக் கணினி எடுக்கும்போது பழையதைக் கொண்டெயினரில் போட்டு அனுப்புவார், அதோடு சேர்ந்து வரும். என்னுடையதும் அப்படி வந்ததே. இதில் ஒரு நல்ல விடயத்தையும் சொல்ல வேண்டும். காற்றால் குளிர்விக்கும் பெரிய கோபுர வடிவக் குளிர்விப்பான்களில் சில ஒரு கிலோ அளவுக்குப் பாரமானவை. அவை மதர்போட்டில் தொங்கிக்கொண்டு கடலாலும் தரையாலும் ஆடி ஆடி வரும்போது மதர்போட் வெடிக்கலாம். திரவ முறையில் பாரமான பகுதி பெட்டியின் சட்டத்தோடு பூட்டப்பட்டிருப்பதால் பயணத்தை நன்றாகத் தாங்கும்.

என்னுடைய புரொசெசர் ஏஎம்டியின் ரைசன் 9 3900எக்ஸ். 2019இல் வந்தது, 12 கோர்கள். பெட்டியில் 105 வோற்று என்று போட்டிருக்கும், முழு வேலையில் 142 வோற்று வரை இழுக்கும். பழைய வீடியோவில் செக்கனுக்கு 25 படம், ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகப் பின்னப்பட்டிருக்கும். அந்தப் பாதிகளைப் பிரித்து ஒழுங்காக்கி, இரைச்சலை நீக்கி, தரம் குறையாமல் சேமிப்பது சாதாரண வேலை இல்லை. மூன்று மணித்தியாலக் கசெற் ஒன்றுக்கு 12 கோர்களும் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட வேண்டும்.

லினக்ஸில் வரும் சிக்கல்

இந்தக் குளிர்விப்பான்களில் பல யூஎஸ்பி வயர் ஒன்றின் மூலம் கணினியோடு பேசும். பம் வேகம், திரவத்தின் வெப்பநிலை, விசிறி வேகம் எல்லாம் அந்த வழியால்தான் வரும். அவற்றைக் காட்டுவதற்கு நிறுவனங்கள் மென்பொருள் தருகின்றன. என்இசட்எக்ஸ்ரியின் காம், கோர்செயரின் ஐகியூ போன்றவை அவை. லினக்ஸுக்கு அந்த நிறுவனங்கள் எதையும் தருவதில்லை. விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்ட அன்றே, பம்மைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே கண்ணும் மூடப்பட்டுவிடுகிறது. பம் தன்பாட்டில் ஓடும். ஆகவே ஒரு குறையும் தெரியாது.

அந்த இடைவெளியை நிரப்பியது தன்னார்வலர்களின் வேலை. 2018இல் ஒரு திறந்த மூலக் கருவி வெளிவந்தது. லிக்விட் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, ரி, எல் என்ற மூன்று எழுத்துக்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால் அதுவே அதன் பெயர். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலும் இருக்கிறது, இலவசம். ரேர்மினலில் அதன் பெயரோடு லிஸ்ட் என்று கொடுத்தால் உங்கள் குளிர்விப்பானை அது அறிந்துகொண்டதா என்று சொல்லும். இனிஷியலைஸ் என்று கொடுத்தால் கருவியை விழிக்கச் செய்யும். ஸ்ரேற்றஸ் என்று கொடுத்தால் திரவத்தின் வெப்பநிலையும் பம்மின் சுழற்சியும் திரையில் வரும். நான் முதன்முதலில் அந்த எண்களைப் பார்த்தது பழைய பம் செத்த பிறகு, புதியதைப் பூட்டியபோதுதான்.

இரண்டு இடத்தில் ஆட்கள் தடக்குப்படுவார்கள். ஒன்று, இனிஷியலைஸ் கட்டளையைக் கணினி ஒவ்வொரு முறை எழும்பும்போதும், உறக்க நிலையிலிருந்து மீளும்போதும் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் போதும் என்று நினைத்தால், அடுத்த மின்வெட்டோடு பழையபடி ஆகிவிடும். இதைச் சிஸ்ரெம்டி சேவையாக எழுதி வைத்தால் தானாக நடக்கும், கருவியின் கையேட்டிலேயே மாதிரி இருக்கிறது. மற்றது, சாதாரண பயனர் கணக்கிலிருந்து யூஎஸ்பி கருவியைத் தொட லினக்ஸ் விடாது. அதற்கான யூடெவ் விதிக் கோப்பு ஒன்றும் கருவியோடு வருகிறது, அதைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு தடவையும் சூடோ போட வேண்டியதில்லை.

லினக்ஸின் கருப்பகுதியான கேர்னலுக்குள்ளேயே இப்போது சில குளிர்விப்பான்களுக்கான இயக்கிகள் வந்துவிட்டன. (எங்கள் காதுக்கு அந்தச் சொல் வேறொன்றாகக் கேட்கும். இங்கே அதற்கும் படைகளுக்கும் தொடர்பில்லை.) கிராக்கன் வரிசையின் எக்ஸ்42, எக்ஸ்52, எக்ஸ்62, எக்ஸ்72 ஆகியவற்றுக்கு 2021இல் வந்த 5.13 பதிப்பிலும், அதற்கு அடுத்த தலைமுறைக்கு 2024இல் வந்த 6.9 பதிப்பிலும், கிகாபைற்றின் வோட்டர்ஃபோர்ஸ் எக்ஸ் வரிசைக்கு 6.8 பதிப்பிலும் இயக்கி சேர்க்கப்பட்டது. உங்கள் கேர்னல் இவற்றைவிடப் புதியதாக இருந்தால், எல்எம் சென்சர்ஸ் என்ற பொதியைப் போட்டு, சென்சர்ஸ் என்று ஒரு சொல் அடித்தால் போதும். புரொசெசர் வெப்பநிலையோடு பம் வேகமும் ஒரே பட்டியலில் வரும். பதிப்பைப் பார்க்க யூநேம் கட்டளை உதவும். கட்டளை எழுதப் பயப்படுகிறவர்களுக்குக் கூலர்கொன்ட்ரோல் என்ற வரைபட மென்பொருள் இருக்கிறது, அது இவை எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும்.

யூஎஸ்பியே இல்லாத குளிர்விப்பான்களும் உண்டு. ஆர்க்ரிக்கின் லிக்விட் ஃப்ரீசர் 2 வரிசை இதற்கு உதாரணம். பம்மிலிருந்து வரும் வயர் மதர்போட்டின் விசிறிச் செருகியில் போகும், அவ்வளவுதான். லினக்ஸ்காரருக்கு இதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். தனி மென்பொருள் தேவையில்லை. விண்டோஸில் எதையும் இழந்துவிட்டோம் என்ற கவலையும் இல்லை. சென்சர்ஸ் டிற்றெக்ட் என்ற கட்டளையை ஒருமுறை ஓடவிட்டு, அது கேட்கும் கேள்விகளுக்கு ஆம் சொல்லிக்கொண்டு போனால், மதர்போட்டில் உள்ள சிப்பைக் கண்டுபிடித்து உரிய இயக்கியைச் சொல்லித்தரும். பல மதர்போட்களில் அது நியூவோட்டன் சிப்பாக இருக்கும், இயக்கியின் பெயர் என்சிரி6775.

இந்த வகையில் பயோஸில் ஒரு விடயத்தைப் பார்க்க வேண்டும். பம் பூட்டிய செருகியின் வேகத்தை முழுமையாக, மாறாமல் வையுங்கள். விசிறிபோல நினைத்துக்கொண்டு, கணினி சும்மா இருக்கும்போது வேகத்தைக் குறைக்கும் அமைப்பில் விட்டால் பம் தள்ளாடும்.

என் பழைய கணினியிலும் பம்மிலிருந்து மூன்று முனை வயர் ஒன்று வந்தது. அதைச் செருகியில் பூட்டாமல் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். விசிறி இல்லை என்று மதர்போட் எழும்பும்போது எச்சரிக்கும், அந்த எச்சரிக்கையையும் பயோஸில் யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். வந்த கணினியை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் இரண்டையும் கண்டிருப்பேன். கண்ணாடிக் கதவால் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

மூன்று எண்கள் முக்கியம்: புரொசெசரின் வெப்பநிலை, திரவத்தின் வெப்பநிலை, பம்மின் சுழற்சி. பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் பார்ப்பார்கள். அது கூடினால் ஏதோ பிழை என்று தெரியும், என்ன பிழை என்று தெரியாது.

திரவத்தின் வெப்பநிலை அறையின் வெப்பநிலையைவிடக் கீழே போகாது. இது எங்கள் ஊருக்கு மிக முக்கியமானது. நிறுவனங்கள் விசிறிக்கு வகுத்துத் தரும் வேக ஒழுங்கு, இருபது இருபத்தைந்து பாகை அறைகளை நினைத்துச் செய்யப்பட்டது போலவே நடந்துகொள்ளும். என் அறையில் மதியம் 33 பாகை. கணினி சும்மா இருக்கும்போதே திரவம் 37இல் நிற்கும். அந்த ஒழுங்கின்படி விசிறிகள் நாள் முழுக்க இரைந்துகொண்டே இருந்தன. நான் அதை மேலே தள்ளி வைத்தேன்: திரவம் 38 பாகைக்குக் கீழே என்றால் விசிறி 40 வீதம், 45 பாகையில் 70 வீதம், 50 பாகையில் முழு வேகம். அந்த லிக்விட் கருவியில் வெப்பநிலை, வீதம் என்று சோடி சோடியாக இந்த எண்களைக் கொடுக்கலாம். முழு வேலையில் எனக்குத் திரவம் 46, 47இல் நிற்கிறது, புரொசெசர் 80ஐ ஒட்டி நிற்கிறது. திரவம் 60 பாகையைத் தொட விடக்கூடாது. கிராக்கன் வரிசைக்கு நீங்கள் எந்த எண்ணைக் கொடுத்தாலும், அந்த வெப்பநிலையை எட்டும்போது எல்லாம் முழு வேகத்தில் ஓடும்படி அந்தக் கருவியே பார்த்துக்கொள்கிறது.

திரவமும் சூடு, புரொசெசரும் சூடு என்றால் றேடியேற்றர் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் செம்மண் புழுதி. வன்னியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்மையான தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில் போர்வைபோல் படிந்துவிடும். திரவம் சாதாரணம், புரொசெசர் மட்டும் சூடு என்றால் நோய் பம் பக்கத்தில் இருக்கிறது: பம் நின்றிருக்கலாம், செப்புத் தகட்டின் நுண்ணிய வாய்க்கால்கள் அடைத்திருக்கலாம், அல்லது தகட்டுக்கும் புரொசெசருக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கலாம். இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. விசிறிகளைத் திரவத்தின் வெப்பநிலையோடு மட்டும் இணைத்து வைத்திருந்தால், பம் நிற்கும் வேளையில் அவை அவசரப்படாமல் மெதுவாகவே சுற்றக்கூடும். சூடு அவற்றிடம் வந்து சேரவில்லையே!

மென்பொருள் ஒன்றும் இல்லாமல் பார்க்கும் வழியும் உண்டு. புரொசெசர் 90ஐத் தாண்டும் நேரத்தில் றேடியேற்றரைக் கையால் தொடுங்கள். அது குளிர்ந்திருந்தால் திரவம் ஓடவில்லை. அன்று பின்னேரம் நான் கண்டுபிடித்தது அப்படித்தான்.

பம்மின் சுழற்சி மாதிரிக்கு மாதிரி மாறும், பலவற்றில் நிமிடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையில் இருக்கும். உங்களுடையது நல்ல நிலையில் இருக்கும்போது காட்டும் எண்ணை ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள். பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

காவலுக்கு ஒரு சிறு நிரல்

எண்ணைத் திரையில் பார்ப்பது போதாது. இரவு பத்து மணிக்கு வேலையைப் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறவர் எதைப் பார்ப்பது? ஆகவே ஒரு சிறு நிரல் எழுதினேன். அதன் போக்கை மட்டும் சொல்கிறேன், எந்த மொழியிலும் எழுதலாம்.

முப்பது செக்கனுக்கு ஒருமுறை பம்மின் சுழற்சியைப் படிக்கிறது. தொடர்ந்து இரண்டு முறை ஆயிரத்துக்குக் கீழே வந்தால் எச்சரிக்கை. ஒரு முறை என்று வைத்தால் எப்போதாவது வரும் பிழையான வாசிப்புக்கும் அது கத்தும். எச்சரிக்கை வந்ததும் வீடியோ வேலையை இடைநிறுத்துகிறது. கொல்வதில்லை, லினக்ஸில் ஓடும் நிரலை நிற்கச் சொல்லி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லலாம். அந்த ஒன்றாலேயே புரொசெசரின் சூடு உடனே இறங்கும். ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது. அப்படியும் வெப்பநிலை 90ஐத் தாண்டினால், கணினியை முறைப்படி அணைக்கிறது.

எழுதும்போது மூன்று விடயம் எனக்குத் தலையிடி தந்தது. கேர்னல் இந்த எண்களைச் சிஸ் என்ற கோப்புறைக்குள் எச்டபிள்யூமொன் என்ற பெயரில் இலக்கமிட்டு வைக்கும். இன்று மூன்றாம் இலக்கத்தில் இருப்பது நாளை கணினி எழும்பும்போது நாலாம் இலக்கத்துக்குப் போகலாம். ஆகவே இலக்கத்தை நம்பாமல், ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் நேம் என்ற கோப்பைப் படித்து ஆளை அடையாளம் காண வேண்டும். வெப்பநிலை ஆயிரத்தால் பெருக்கி வரும், 45500 என்றிருந்தால் 45.5 பாகை. மூன்றாவது, எண் வாசிக்கவே முடியாமல் போனாலும் அதையும் எச்சரிக்கையாகவே எடுக்க வேண்டும். யூஎஸ்பி வயர் கழன்று, நிரலுக்கு ஒன்றும் கிடைக்காமல், அதைக் குறையில்லை என்று எடுத்துக்கொண்டால் காவலாளி நித்திரைதான்.

நிரல் வேலை செய்கிறதா என்று பார்க்க பம்மை நிறுத்தத் தேவையில்லை. ஆயிரம் என்ற எல்லையைத் தற்காலிகமாக ஒன்பதாயிரம் ஆக்குங்கள், அது கத்த வேண்டும். நான் மாதம் ஒருமுறை இப்படிச் செய்கிறேன்.

பம் நின்றால் புரொசெசர் எரிந்துபோகாதா என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் காலத்துப் புரொசெசர்கள் எரிவது அரிது. எல்லை வந்ததும் தாமாக வேகத்தைக் குறைக்கும், என்னுடையதற்கு அந்த எல்லை 95 பாகை. அதற்கும் அடங்காவிட்டால் வன்பொருளே மின்னை வெட்டிவிடும். சேதப்படுவது அந்த நேரத்தில் திறந்திருக்கும் கோப்பு. எம்பி4 வடிவில் பதிந்துகொண்டிருந்தால், அதன் அட்டவணை வழமையாகக் கடைசியில்தான் எழுதப்படும் என்பதால், இடையில் மின் போனால் முழுக் கோப்புமே திறக்காமல் போகலாம். எம்கேவி வடிவில் பதிந்தால் அதுவரை பதிந்தது மிஞ்சும். நான் எம்கேவியில் பதிவதால்தான் அந்தக் கசெற்றின் முதல் நாற்பது நிமிடம் தப்பியது.

காற்றும் கிணற்றுத் தண்ணீரும்

தோட்டம் செய்த எவருக்கும் இந்தப் பகுதியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மெஷினை ஓடவிட்டுத் தண்ணீர் இறைத்த காலத்து ஆட்கள் நாங்கள். காற்றுப் பிடித்த பம் கத்தும், தண்ணீர் தள்ளாது. கணினிக்குள்ளும் அதே கதை. மூடிய குழாய்தான், என்றாலும் வருடக்கணக்கில் றப்பரின் ஊடாகத் திரவம் நுண்ணியதாகக் கசிந்து குறையும், அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். காற்று எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும். அந்த உயரமான இடம் பம்மாக இருக்கக்கூடாது. றேடியேற்றரைப் பெட்டியின் கூரையில் பூட்டுவதே சிறந்தது. முன்பக்கம் பூட்டினாலும் அதன் மேல் விளிம்பு பம்மைவிட உயர்ந்திருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் பூட்டினால் காற்று முழுக்க பம்முக்குள் வரும். கணினி எழும்பும்போது சலசலவென்று சத்தம் கேட்டால் இதை முதலில் பாருங்கள்.

திரவம் குறைந்துவிட்டது என்று சொல்லித் திறந்து கிணற்றுத் தண்ணீர் விட்ட ஒரு கணினி என்னிடம் வந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, கேத்திலின் அடியில் படியும் வெள்ளையை எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த வெள்ளை செப்புத் தகட்டின் நூல்போன்ற வாய்க்கால்களில் படிந்தால் கதை முடிந்தது. பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரை விடலாமா என்று கேட்டால், அதுவும் தனியே சரிவராது. பல குளிர்விப்பான்களில் தகடு செம்பு, றேடியேற்றர் அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரிபடும். அதைத் தடுக்கும் சேர்மானம் இல்லாமல் நிரப்பக்கூடாது. மூடி வந்ததை மூடியபடி பாவித்து, ஐந்தாறு வருடத்தில் மாற்றுவதாக நினைத்துக்கொள்வதே நல்லது. இந்த வகைக்கு நிறுவனங்கள் கொடுக்கும் உத்தரவாதமும் பெரும்பாலும் அந்த அளவுதான். கொண்டெயினரில் வருகிறவை அந்த வயதைத் தாண்டித்தான் வருகின்றன.

மின்வெட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தையும் இந்தக் கணினியோடுதான் கடந்தேன். கரண்ட் போகும்போது பம்மும் புரொசெசரும் சேர்ந்தே நிற்பதால் வெப்பத்தால் ஆபத்தில்லை. யூபிஎஸ் தேவைப்படுவது கோப்புக்களைக் காப்பாற்ற.

எதை வாங்குவது?

புதிதாக வாங்குகிறீர்கள், லினக்ஸ் பாவிக்கிறீர்கள், சாதாரண அலுவலக வேலை அல்லது பிள்ளைகளின் படிப்பு என்றால் திரவக் குளிர்விப்பான் வேண்டாம். நல்ல காற்றுக் குளிர்விப்பான் எடுங்கள். விசிறி பழுதானால் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இன்னொன்று வாங்கி நான்கு கொழுக்கியில் மாட்டிவிடலாம். பம் பழுதானால் முழுவதையும் மாற்ற வேண்டும், உத்தரவாதத்துக்கு அனுப்புவதென்றால் கப்பல் காசு பொருளின் விலையைப் பிடிக்கும். பல மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடும் வேலை இருந்தால், அல்லது ஏற்கெனவே கணினியோடு வந்துவிட்டிருந்தால், திரவ முறை நன்றாகவே வேலை செய்யும். வாங்க முன் அந்த லிக்விட் கருவியின் ஆதரவுப் பட்டியலில் மாதிரியின் முழுப் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் வரும் புதிய தலைமுறை உள்ளே வேறாக இருக்கும்.

நான் இப்போது இரண்டு கணினி வைத்திருக்கிறேன். கசெற் பதிவது ஒரு பழைய, மெதுவான கணினியில். அதில் காற்றுக் குளிர்விப்பான், வேறு ஒரு வேலையும் கொடுப்பதில்லை. சுத்தப்படுத்தும் வேலை முழுக்க 12 கோர் கணினியில், புதுத் திரவக் குளிர்விப்பானோடும் காவல் நிரலோடும். அது நடுவில் நின்றாலும் மூலப்படம் மற்றதில் பத்திரமாக இருக்கும், திரும்பத் தொடங்கலாம். இதைச் செய்ய எனக்கு அறிவு தேவைப்படவில்லை, இன்னொரு பழைய கணினிதான் தேவைப்பட்டது. அந்த அம்மாவின் கசெற் வருவதற்கு முன்பே செய்திருக்கலாம்.

அவர் போன மாதம் இன்னொரு கசெற்றோடு வந்தார். தங்கச்சி ஜேர்மனியிலிருந்து அனுப்பியதாம். கோயில் திருவிழா, 1998. பதிவு தொடங்க முன் பக்கத்திலிருந்த திரையைக் காட்டி, இது என்ன நம்பர் என்று கேட்டார். பம் ஓடுகிற வேகம் அம்மா, 2,640 என்றேன். "அப்ப ஓடுது" என்று சொல்லிவிட்டுக் கதிரையை டெக்குக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.